14:22 மணிக்குத் தொப்பியைக் கழற்றினேன்

போலீஸ் வேலையில் முதலில் சொல்லித் தருவது ஓடுவதோ சுடுவதோ அல்ல, எழுதுவது. எதைப் பார்த்தாலும் எழுது, நேரத்தோடு எழுது, எழுதாதது நடக்காதது என்று பயிற்சிக் கழகத்தில் ஒரு நாளைக்கு நான்கு முறையாவது கேட்டிருப்பேன். புது வேலையில் சேர்ந்து, தவறு செய்துவிடுவோமோ என்ற பயத்திலேயே தவறு செய்தவர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால், பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாம் ஒரே கட்சி.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். அப்பா பேருந்து ஓட்டுகிறார். அம்மாவுக்கு தெம்பனிஸில் ஒரு பள்ளிக்கூட கேன்டீனில் வேலை. பட்டம் வாங்கிய மகள் ஏசி அறையில் நாற்காலி போட்டு உட்காருவாள் என்று இருந்த அப்பா, போலீஸ் என்றதும் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள், டிப்போ முழுக்க "மக இன்ஸ்பெக்டர் ஆயிட்டா" என்று சொல்லிவிட்டு வந்தார். நான் சார்ஜண்ட். அதுவும் பயிற்சியில் இருக்கிற சார்ஜண்ட். கழகத்தில் ஆறு மாதம், பிறகு லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஒரு நிலையத்தில் ஆறு மாதம், கடைசியில் மூன்று அதிகாரிகள் முன்னால் நேர்காணல். அதில் தேறினால்தான் வேலை உறுதி. தேறாவிட்டால் அப்பா டிப்போவில் போய் என்ன சொல்வார் என்ற கேள்வி, அந்த ஓராண்டும் என்னோடேயே குடியிருந்தது.

ஒரு சுற்றுப் பெரிது

சீருடை தருகிற அன்று கிடங்கில் இரண்டு அளவுத் தொப்பிகள்தான் மிச்சம் இருந்தன. சின்னது போட்டால் தலையில் பாதித் தேங்காய் மூடியைக் கவிழ்த்தது போல இருந்தது. பெரியது புருவம் வரை இறங்கியது. பின்னால் வரிசையில் நாற்பது பேர் நின்றதால், பரவாயில்லை என்று பெரியதை வாங்கிக்கொண்டேன். வாழ்க்கையில் பரவாயில்லை என்று நான் எடுத்த முடிவுகள் மிகக் குறைவு. அதில் இது ஒன்று.

அணிவகுப்புப் பயிற்சியில் தொப்பிக்குச் சட்டம் உண்டு. அது இருக்க வேண்டிய இடம் இரண்டுதான்: தலை, இல்லையென்றால் அக்குள். மேசை, நாற்காலி, கார் கூரை எதுவும் அதற்கு வீடு அல்ல. என் கதையில் தலையே அதற்கு வீடாக இல்லை. "இடப்புறம் திரும்பு" என்றால் நான் திரும்புவேன், தொப்பி நேராகவே பார்த்துக்கொண்டிருக்கும். பயிற்றுநர் என் முன்னால் வந்து நின்று, என்னிடம் பேசாமல் தொப்பியிடமே ஆணை கொடுத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை விடுப்பில் வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் தொப்பியைக் கொடுத்தேன். பழைய பருத்திச் சேலை ஒன்றிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, மூன்றாக மடித்து, உள்பக்கம் சுற்றிலும் தைத்துக் கொடுத்தார். நான் போட்டுப் பார்த்தேன். அப்போதும் கொஞ்சம் ஆடியது. அம்மா இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

"படிக்கப் படிக்கத் தலை பெருசாகும்னு நெனச்சேன். நாலு வருஷம் யூனிவர்சிட்டி போயும் சின்னதாத்தான் இருக்கு."

கையைப் பார்

ஒருவரை எதிர்கொள்ளும்போது முகத்தைப் பார்க்காதே, கையைப் பார். முகத்தில் கத்தி இருக்காது, கையில்தான் இருக்கும். இது அடுத்த பாடம். என் அறைத் தோழி வெய் லிங் குடிகாரராக நடிக்க, நான் அவளைச் சமாதானப்படுத்த வேண்டும். சின்ன வயதிலிருந்தே முகத்தைப் பார்த்துப் பேசு என்று வளர்த்துவிட்டார்களே, நானும் மரியாதையாக அவள் முகத்தைப் பார்த்தே பேசினேன். பேசி முடித்துக் குனிந்து பார்த்தால் சட்டையில் மஞ்சள் மார்க்கர் கோடுகள் பதினொன்று. கத்தியாக இருந்திருந்தால் நான் பதினொரு முறை செத்திருப்பேன்.

அதன் பிறகு எனக்குக் கை தவிர எதுவும் கண்ணில் படவில்லை. எம்ஆர்டி ரயிலில், மின்தூக்கியில், கோயில் வரிசையில் எங்கேயும் கைகள்தான். ஒரு சனிக்கிழமை அப்பா வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது ஒரு கை மட்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தது. யோசிக்கவே இல்லை. "அப்பா, அங்கேயே நில்லுங்க. ரெண்டு கையும் தெரியிற மாதிரி மெதுவா முன்னால கொண்டு வாங்க" என்றேன். வந்த கையில் கறிபாப் இருந்தது. எண்ணெய்ப் பலகாரம் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை. சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். போலீஸை அவர் மலாயில் மாத்தா என்றுதான் சொல்வார்.

"இந்த வீட்ல ஏற்கனவே ஒரு மாத்தா இருக்கா. அவளுக்கு அரசாங்கம் டிரெயினிங் குடுக்கல, அதுவே தாங்கல. இப்ப ரெண்டு."

கதவுக்குப் பக்கத்தில்

நிலையத்துக்கு வந்ததும் என்னை ஸ்டாஃப் சார்ஜண்ட் ஹக்கிமோடு போட்டார்கள். என்னைவிட ஆறு வயது மூத்தவர். மலாய்க்காரர் என்றாலும் எங்கள் வட்டாரத்தில் ஐந்தாண்டு சுற்றியதில் தமிழ் நன்றாகவே வரும். என் பெயரைச் சொல்லி அவர் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. "கிராஜுவேட்" என்பார். என் நடத்தைக்கு அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் நானும் திரும்பிப் பார்ப்பேன்.

முதல் வாரம், மிதிவண்டி காணோம் என்று அடுக்குமாடி வீடு ஒன்றிலிருந்து அழைப்பு. கதவுக்கு நேரே நிற்கக்கூடாது, சுவரோரமாக நிற்க வேண்டும் என்பது பாடம். உள்ளே இருப்பவர் என்ன வைத்திருக்கிறாரோ, யார் கண்டது. மணியை அடித்துவிட்டு இடப்பக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் கதவைத் திறந்து, இரும்புக் கம்பிக் கதவு வழியாக நேரே பார்த்தார். யாரும் இல்லை. சாத்திவிட்டார். மறுபடி மணி அடித்தேன், மறுபடி ஒட்டினேன். மறுபடி சாத்தினார். வலப்பக்கச் சுவரில் ஹக்கிம் கைகட்டிச் சாய்ந்து ரசித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை பெரியவர் சாத்தவில்லை. கம்பிகளுக்கு இடையில் மூக்கை நுழைத்து இடப்பக்கம் பார்த்தார்.

"பெல் அடிச்சிட்டு ஒளிஞ்சிக்கிற வயசாம்மா இது?"

வெற்று வரி

இப்போது பெரும்பாலும் கைப்பேசியிலேயே பதிகிறோம். ஆனால் பயிற்சியில் இருப்பவர்களுக்குக் கையால் எழுதும் குறிப்புப் புத்தகம் உண்டு. அதற்கும் சட்டங்கள்: பேனாவால் எழுத வேண்டும், அழிக்கக்கூடாது, தாளைக் கிழிக்கக்கூடாது. தப்பாக எழுதினால் ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம். எல்லாவற்றுக்கும் மேலே, நடுவில் வெற்று வரி விடக்கூடாது. விட்டால், பின்னால் யாரோ வசதியான ஒன்றை எழுதி நிரப்பலாம் அல்லவா? மற்றவர்களுக்கு இது தொல்லை. எனக்கோ முதல் முறையாக ஒரு வேலையில் என் பயத்துக்குப் பயன் கிடைத்தது போல இருந்தது. எழுதினேன், எழுதினேன், அப்படி எழுதினேன்.

நான்காவது மாடியில் இரண்டு ஆன்ட்டிகளுக்குள் சண்டை. தமிழ் ஆன்ட்டியின் பூந்தொட்டித் தண்ணீர் சீன ஆன்ட்டியின் காலணி அடுக்கில் வடிகிறது. நான் நடைபாதையின் அகலத்தை அடிக்கணக்கில் நடந்து அளந்தேன். தொட்டிகள் ஏழு என்று எண்ணினேன். நிறம் எழுதினேன். வடிகிற தொட்டி எது என்று கண்டுபிடித்து, அதன் விரிசல் எந்தப் பக்கம் என்று எழுதிக்கொண்டிருந்தபோது பின்னால் சிரிப்புச் சத்தம். திரும்பினால், காலணி அடுக்கு இரண்டடி நகர்ந்திருந்தது. சீன ஆன்ட்டியின் கையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. ஹக்கிம் வாசலில் நின்றபடி டீக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தமிழ் ஆன்ட்டி என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நாங்க சமாதானமாகி டீயும் குடிச்சாச்சுலா. நீ இன்னும் தொட்டியவா எண்ணிக்கிட்டிருக்க?"

சார்ஜண்டின் ரகசியம்

ஐந்தாம் மாதம், தேக்கா சந்தைக்கு எதிரே சாலையைக் கடக்க நின்றபோது, யாரோ "இன்ஸ்பெக்டர்! இன்ஸ்பெக்டர்!" என்று கூப்பிட்டார்கள். எந்த இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார் என்று நானும் நிமிர்ந்து நின்று தேடினேன். கூப்பிட்டவர் என்னிடம்தான் வந்தார். அப்பாவோடு டிப்போவில் வேலை பார்ப்பவர். வீட்டுக்குத் தீபாவளிக்கு வந்திருக்கிறார்.

தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் சீருடை போட்டுக்கொண்டு பொய்க்குத் தலையாட்டினால் அது வேறு கணக்கில் சேருமே என்று பயம். "அங்கிள், நான் இன்ஸ்பெக்டர் இல்ல. சார்ஜண்ட். அதுவும் இன்னும் உறுதியாகல, அடுத்த மாசம்தான் நேர்காணல்" என்றேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"புரியுதும்மா. ரகசிய வேலை. டிப்போல ஒருத்தன்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை, நகைக்கடை

நேர்காணலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது இது நடந்தது. ஞாயிறு பிற்பகலில் சிராங்கூன் சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். துவாஸ் தொழிலாளர் தங்குவிடுதிகளிலிருந்து வந்தவர்கள், காய்கறி வாங்க வந்தவர்கள், எதையும் வாங்காமல் நண்பனைப் பார்க்க மட்டும் வந்தவர்கள் என்று நடைபாதையில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. ஒரு நகைக்கடையில் திருட்டு என்று அழைப்பு. நாங்கள் போனபோது கடைக்காரர் ஒரு தட்டைத் தூக்கிக் காட்டினார். சிவப்பு வெல்வெட் மெத்தையில் கல் வைத்த மூக்குத்திகள். "பன்னெண்டு இருந்துச்சு மேடம். இவர் பாத்ததுக்கப்புறம் பதினொண்ணு."

இவர் என்பவர் ராஜேந்திரன். முப்பத்தைந்து வயதிருக்கும். கப்பல் பட்டறையில் சாரம் கட்டுகிறவர், அறந்தாங்கிப் பக்கம். நான் பாடத்தின்படி முதலில் கையைப் பார்த்தேன். ஒரு கை காலி. இன்னொன்றில் கைப்பேசி. அதன் திரையில் ஒரு பெண் முகம். மனைவி. ஊரிலிருந்து வீடியோ அழைப்பில் மூக்குத்தி தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தவர், இப்போது எங்கள் சீருடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்புறம் பேசறேன்" என்று சொல்லி ராஜேந்திரன் அழைப்பைத் துண்டித்தார். "எடுத்தேன் மேடம், போன்ல காட்டினேன், திரும்ப அங்கேயே வெச்சுட்டேன்" என்றார்.

ஹக்கிம் வாசலில் கூட்டத்தை விலக்க, நான் கண்ணாடி மேசையின் மேல் குனிந்து எழுதினேன். குனிந்ததும் தொப்பி கண்ணை மறைத்தது. தள்ளினேன், மறுபடி மறைத்தது. எரிச்சலில் அதைக் கழற்றி, மூக்குத்தித் தட்டுக்குப் பக்கத்தில் மேசையிலேயே வைத்துவிட்டு எழுதினேன். முடித்ததும் எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஹக்கிம் பார்க்கவில்லை. என் மார்புக் கேமரா கடைக்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ராஜேந்திரனை உள்ளறையில் ஹக்கிம் சோதித்தார். ஒன்றும் இல்லை. கடைக் கேமராவிலோ அவர் முதுகுதான் தெரிந்தது. "கூட வந்தவன்கிட்ட குடுத்திருப்பாரு" என்று கடைக்காரர் சொன்னதால், வாக்குமூலம் வாங்க நிலையத்துக்கு அழைத்துப் போனோம். காரில் அவர் என் கையிலிருந்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"என் பேரை அதுல எழுதிட்டீங்களா மேடம்? எழுதிட்டா கம்பெனிக்குப் போயிடுமா? வொர்க் பெர்மிட்டை ரத்து பண்ணிடுவாங்களா?"

பதினோராவது வரி

தெரியாது என்றுதான் சொன்னேன். ஐந்து மாதமாக, எழுதுவது என்பது என்னைப் பாதுகாக்கிற காரியம் என்று நினைத்திருந்தேன். எழுதப்படுகிற பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் பின்னிருக்கையில் பார்த்தேன்.

நிலையத்தில், அவசரத்தில் கிறுக்கியதை எல்லாம் ஒழுங்காக எழுத உட்கார்ந்தேன். கடைக்குள் நுழைந்த நேரம், கடைக்காரர் சொன்னது, அவர் சொன்னது. பத்து வரி ஆனதும் கை நின்றது. தொப்பி. யாரும் பார்க்கவில்லை. சம்பவ இடத்தில் அதிகாரி தன் பொருளை வைப்பது தவறு. புத்தகத்தில் ஏறினால் நேர்காணல் வரை போகும். உள்ளதைச் சொல்கிறேன், நான் பதினோராவது வரியைக் காலியாக விட்டுவிட்டுப் பன்னிரண்டாவதில் எழுத ஆரம்பித்தேன். பக்கத்தை எழுதி முடித்துப் பார்த்தால், இவ்வளவு எழுத்துக்கு நடுவில் அந்த ஒரு வரி மட்டும் பல் விழுந்த இடம் போலத் தெரிந்தது. வெற்று வரி விடக்கூடாது. ஒன்று குறுக்கே கோடு போட வேண்டும், இல்லையென்றால் எழுத வேண்டும். கோடு போட மனம் வரவில்லை. எழுதினேன். கடையை விட்டு வந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. தொப்பி இன்னும் தலையில்தான் இருந்தது. எங்கே கழற்றி வைத்தாலும் இன்னொரு தவறாகிவிடுமோ என்ற பயம். நெற்றியோரம் ஏதோ உறுத்தியது, அம்மாவின் தையல் பிரிந்திருக்கும் என்று சொறிந்துகொண்டேன். அதை மட்டும் எழுதவில்லை.

ஹக்கிம் கையெழுத்துப் போட வாங்கிச் சத்தமாகவே படித்தார். "14:22. தட்டுக்கு இடப்புறம், மேசை மீது, தொப்பியைக் கழற்றி வைத்தேன். இது என் தவறு. 14:31. மீண்டும் அணிந்தேன்." சிரித்துவிட்டார். "உன் மேலயே நீ ரிப்போர்ட் எழுதுறியா? நான் சைன் பண்ணினா இது போர்டுக்குப் போகும், தெரியும்ல?" தெரியும் என்றேன். பேனாவைத் திறந்தார். பிறகு மூடினார். மறுபடி அந்த வரியைப் படித்தார், இந்த முறை சத்தமில்லாமல். மெல்ல நிமிர்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் அதற்குச் சற்று மேலே பார்த்தார்.

"கிராஜுவேட். எழுந்திருக்காத. தலையை ஆட்டாத. சொறியறதையும் நிறுத்து."

யாரிடமிருந்து

கையுறை மாட்டிக்கொண்டு, வெடிகுண்டைத் தூக்குவது போல என் தலையிலிருந்து தொப்பியைத் தூக்கினார். மேசையில் வெள்ளைத் தாளை விரித்து, கவிழ்த்து வைத்தார். அம்மா தைத்த சேலைத் துண்டின் நூலிழையில், திருகாணி மாட்டிக்கொண்டு, ஒற்றை வெள்ளைக் கல் மூக்குத்தி. ராஜேந்திரன் திரும்ப வைத்தபோது அது மெத்தை விளிம்பிலிருந்து மேசையில் சரிந்திருக்க வேண்டும். அதன் மேல் நான் தொப்பியை வைத்திருக்கிறேன். ஆக, அந்த இரண்டு மணி நேரமும் திருட்டுப் பொருள் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தவளின் தலையில்தான் அது இருந்தது.

படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. பொருள் இருந்த இடம்: அதிகாரியின் தொப்பி, உட்புறம். யாரிடமிருந்து கைப்பற்றப்பட்டது: அங்கே என் பெயர். கைப்பற்றிய அதிகாரி என்ற இடத்திலும் பழக்கதோஷத்தில் கையெழுத்துப் போடப் போனேன், ஹக்கிம் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். தொப்பியைப் பையில் போட்டு முத்திரை வைத்தார்கள். கடைக்காரர் வந்து பார்த்து, தன் கடைப் பொருள்தான் என்று அடையாளம் சொன்னார். "சாரி சார்" என்று ஹக்கிமிடம் சொன்னார். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர் அடுத்த அறையில் இருந்தார்.

அங்கே நான் போனேன். வெறுந்தலையோடு. நடந்ததை நடந்தபடி சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன், கம்பெனிக்கு யாரும் இன்னும் போன் செய்யவில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரிப்பார் என்று ஏன் எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை. "அப்ப அந்த நோட்டுல என் பேரை அழிச்சிடுவீங்களா?" என்று கேட்டார். அழிக்கக்கூடாது என்பது சட்டம் என்றேன். வேண்டுமானால் கீழே எழுதுகிறேன் என்று, அவர் முன்னாலேயே எழுதி வாசித்துக் காட்டினேன்: இவர் எடுக்கவில்லை, பொருள் என் தொப்பியில் இருந்தது. முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மேல எழுதினதை விடக் கீழ எழுதுறதைக் கொஞ்சம் பெருசா எழுதுங்க மேடம்."

டிப்போவுக்குப் போன செய்தி

வீட்டில் சொல்லாமல் இருக்க முடியாது. தொப்பி இல்லாமல் போயிருக்கிறேனே. அம்மாவுக்கு முதல் கவலை, தன் தையல் அரசாங்கச் சாட்சியமாகப் போய்விட்டதே, கோணலாக இருக்கிறதென்று யாராவது சொல்வார்களோ என்பது. அப்பா மறுநாள் வழக்கத்தைவிட உற்சாகமாக வீடு திரும்பினார். எனக்குச் சந்தேகம் வந்து, டிப்போவில் என்ன சொன்னீர்கள் என்று விசாரித்தேன். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் காட்டிவிட்டுச் சொன்னார்:

"தொப்பி கிப்பின்னெல்லாம் சொல்லல. என் மக தலையை வெச்சே திருட்டுப் பொருளைக் கண்டுபிடிச்சிட்டான்னு மட்டும் சொன்னேன். இதுல என்ன பொய்?"

மூன்று பேர் முன்னால்

நேர்காணல் அன்று புதுத் தொப்பி. கிடங்கில் அதே இரண்டு அளவுகள்தான் இருந்தன, அதே பெரியதுதான் வாங்கினேன். நடுவில் உட்கார்ந்திருந்த பெண் அதிகாரி தமிழர். கோப்பைத் திருப்பி, அந்தப் பக்கத்தில் நின்றார். "யாரும் பார்க்கல, கேமராவுலயும் இல்ல. ஏன் எழுதினீங்க?" என்று கேட்டார். நேர்மை, கடமை என்றெல்லாம் சொல்ல நிறையத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். வாயில் வந்தது வேறு. "உடனே எழுதல மேடம். முதல்ல ஒரு வரி காலியா விட்டேன். வெற்று வரி விடக்கூடாதுங்கறதால அப்புறம் எழுதினேன்" என்றேன். போச்சு, டிப்போ, அப்பா என்று மனம் வரிசையாக எண்ணியது.

அவர்கள் மூவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். பிறகு அந்தப் பெண் அதிகாரி, சம்பவ இடத்தில் கவனக்குறைவு என்ற குறிப்பு கோப்பில் இருக்கும், அது போகாது என்றார். அதை எழுதிக் கொடுத்தவளே நான் என்பதால் மறுக்க ஒன்றும் இல்லை. வேலை உறுதி என்றார். எழுந்து நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"உள்ள வந்ததிலேர்ந்து தொப்பியை ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டிருக்கீங்க. தலையில போடுங்க, சல்யூட் அடிக்க ஒரு கை வேணும்."

இரண்டு கை

சில வாரங்களுக்குப் பிறகு, இன்னொரு ஞாயிறு. அதே சாலை, அதே கூட்டம். "மேடம்" என்று ஒரு குரல். ராஜேந்திரன். நான் முகத்தைத்தான் முதலில் பார்த்தேன், பாடத்தை மறந்து. இந்த முறை சிரித்தார். கைப்பேசியை எடுத்து ஒரு படம் காட்டினார். மனைவி, முகத்தைச் சற்றுத் திருப்பி, மூக்கில் வெள்ளைக் கல். எனக்கு அப்படியொரு நிம்மதி. அந்தக் கடையிலேயே வாங்கினீர்களா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று கேட்ட பிறகு தோன்றியது. அவர் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டார். கோபமாகச் சொல்லவில்லை. வேலை இடத்தில் புதிதாக வந்தவருக்குச் சாரத்தில் எங்கே கால் வைக்க வேண்டும் என்று சொல்வாரே, அப்படிச் சொன்னார்.

"அங்க போகல மேடம், வேற கடை. உள்ள போனதும் ரெண்டு கையையும் கண்ணாடி மேல வெச்சுட்டேன். என் கையில குடுக்க வேணாம், நீங்களே எடுத்து என் வீட்டம்மாவுக்குக் காட்டுங்கன்னுட்டேன்."

கையைப் பார் என்று எனக்கு ஆறு மாதம் சொல்லிக்கொடுத்ததை, கையைக் காட்டு என்று அவருக்கு நான் இரண்டே மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கோப்பில் என் தவறும் என் தேர்ச்சியும் இருக்கின்றன, அந்தப் பாடத்துக்கு ஒரு வரிகூட இல்லை.